சிவப்பு மூடி, பச்சை மூடி

மட்டாஞ்சேரிக்குப் போவதாக நினைத்து நான் ஏறிய படகு வைப்பினுக்குப் போனது. எர்ணாகுளம் படகுத்துறையில் பலகைகள் எல்லாம் மலையாளத்தில் இருந்தன. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் "மட்டாஞ்சேரி?" என்று கேட்டேன். அவர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். எங்கள் விருதுநகரில் அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்று பொருள். அவர் ஊரில் என்ன பொருளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. வைப்பினில் இறங்கிப் பெட்டியோடு வெயிலில் முழித்துக்கொண்டு நின்றேன். மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் "எவிடெ போகணம்?" என்று அதட்டலாகக் கேட்டு, என் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சரியான படகில் ஏற்றிவிட்டாள். பெட்டிக்குள் இருபத்துநான்கு டப்பாக்களும் கடகடவென்று ஆடின.

அந்த டப்பாக்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசி வருஷங்களில் ஒரு பிப்ரவரி மாதம் அது. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு மாணவி. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் சுக்கைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி முக்கிக் காயவைத்து வெள்ளையாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அந்த வேலை செய்யும் பெண்களுக்கு உள்ளங்கை வெந்து, வெடித்து, ரத்தம் கசியும். அதற்கு எங்கள் பேராசிரியர் ஒரு களிம்பு கண்டுபிடித்திருந்தார். பன்னிரண்டு டப்பாக்களில் அந்தக் களிம்பு. மீதிப் பன்னிரண்டில் அதே நிறத்தில், அதே வாசனையில் வெறும் மாவுக் களிம்பு. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்குப் பச்சை மூடி. பாதிப் பேருக்குச் சிவப்பு, பாதிப் பேருக்குப் பச்சை கொடுத்து, இரண்டு வாரம் தினமும் கைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வரவேண்டும். அப்போதுதான் ஆறுவது மருந்தால்தான் என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடியும்.

இதில் வேடிக்கை, எந்த மூடி மருந்து என்று அவர் எனக்கே சொல்லவில்லை. "தெரிஞ்சா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்மா" என்றார். என் மூஞ்சியைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். எதையும் மறைக்கத் தெரியாத மூஞ்சி அது. அதனால் கோபப்படாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சுள்ளிக்கல்லில் அப்பாவின் நண்பருடைய தங்கை சாரதா மாமி வீட்டில் தங்க ஏற்பாடு. மாமி ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். பாலக்காட்டுக் குடும்பம், கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறை. உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய டம்ளரில் வெந்நீர் கொடுத்தாள். வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் டம்ளரையும் மாமியையும் மாறிமாறிப் பார்த்தேன்.

"பதிமுகம் இட்டுத் தெளப்பிச்ச வெள்ளமாக்கும். மரப்பட்டை. பயப்படாமக் குடி குட்டி, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

விருதுநகரில் தண்ணீர் என்பது குடத்தோடு காத்திருந்து பிடித்து வருவது. அதில் நிறம் தெரிந்தால் சண்டைக்குப் போவோம். இங்கே வாசலைத் தாண்டினால் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் காயல், அதைத் தாண்டினால் கடல். ஆனாலும் குடிதண்ணீருக்குக் குழாயடியில் வரிசை நிற்கிறது. அந்த வரிசையைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர் மாதிரி இருந்தது. இரவு மட்ட அரிசிக் கஞ்சியும் பயறும். ஒவ்வொரு பருக்கையும் சுண்டுவிரல் நகம் அளவு. மென்று முடிப்பதற்குள் மாமி இரண்டாவது தடவை பரிமாறிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பஜார் ரோடு. தெருவின் இரண்டு பக்கமும் கிடங்குகள். இவர்கள் பாண்டிகசாலை என்கிறார்கள். மிளகு, ஏலம், மஞ்சள், சுக்கு என்று கதவுக்குக் கதவு வாசனை மாறுகிறது. ஐந்தாவது கதவைத் தாண்டும்போது எனக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது; பதினைந்து நாளும் நிற்கவில்லை. நான் தேடிய கிடங்கின் பின்பக்கம் காயலை ஒட்டிப் பெரிய சிமெண்டுக் களம். அதில் கண் கூசும் வெள்ளையாகச் சுக்கு காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் சுண்ணாம்புத் தொட்டிகள். தொட்டிகளைச் சுற்றிப் பெண்கள், பெரும்பாலும் கம்பம், தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

மேஸ்திரி வெள்ளை வேட்டி கட்டிய நிதானமான மனிதர். மலையாளம் கலந்த தமிழில் விஷயத்தை உடனே சொன்னார்.

"மருந்து கொடுக்குன்னது நல்லது தன்னே. பக்ஷே ஒரு காரியம். அடுத்த வாரம் சனிக்கிழமை கப்பலுக்கு அனுப்புன்ன சுக்கு மினுக்கத் தொடங்கும். வெள்ளைச் சுக்கில ஒரு துளி ரத்தம் பட்டால் சாக்கு மொத்தம் திரும்பி வரும். அன்னிக்குக் கை பொட்டின ஆளை நான் நிறுத்த முடியாது. அதுக்கு முந்தி ஆறினால் அவங்களுக்கு நல்லது."

எனக்கு நிலைமை புரிந்தது. களத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வரிசையாக அறைகள். வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த அறைகள். களத்தை விட்டு நிறுத்தினால் இந்த சீசன் முழுவதும் வேலை இல்லை. அறையையும் அன்றைக்கே காலி செய்யவேண்டும்.

பெண்களுக்குத் தலைவி காளியம்மாள். மூப்பத்தி என்று கூப்பிடுகிறார்கள். களத்துக்கு யார் வருவது, யார் எங்கே நிற்பது எல்லாம் அவள் சொல்படிதான். நான் நோட்டைத் திறந்து பெயர்களைக் கேட்டேன். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். இருபத்துநான்கு பெயர். முதல் பெயருக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்குச் சிவப்பு என்று ஒன்று விட்டு ஒன்றாகக் குறித்தேன். முகம் பார்த்துக் கொடுக்கக்கூடாது, வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக்கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை. முகம் பார்க்காமல்தான் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எல்லாரிலும் மோசமான கை பொன்னுத்தாயியுடையது. முப்பது வயது இருக்கும். வலது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு வெடிப்பு, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. நான் பார்க்கும்போதே அவள் விரலை அசைத்தாள். ரத்தம் எட்டிப் பார்த்தது. பட்டியலில் அவளுக்குப் பச்சை. அவளுக்கு முந்திய பெயர் பாத்திமா. மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழ் ராவுத்தர் வீட்டுப் பெண். அவளுக்குச் சிவப்பு.

"இதுல எதும்மா நல்ல மருந்து?" என்று பொன்னுத்தாயி கேட்டாள்.

"எனக்கும் தெரியாது."

"மருந்து கொண்டாந்த உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது. நிஜமாத்தான்."

பாத்திமா களுக்கென்று சிரித்தாள். "இது எந்து டாக்டரம்மா! பாத்திரத்தில எந்துன்னு தெரியாம யாராவது விளம்புவாங்களா?"

நான் டாக்டர் இல்லை, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள் என்று விளக்கினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. மறுநாள் ஒருத்தி காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வந்தாள். நான் கையை விரித்ததும், "முழுசாப் படிச்சு முடிக்கலியாம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் அனுதாபமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் காலைச் சாயா நேரத்தில் என் வேலை. ஒவ்வொரு பெண்ணின் கையையும் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து, வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு நீளம் அளப்பேன். கையை அவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பவள் கைரேகை சொல்பவளாகத்தான் இருக்கவேண்டும் என்று களத்தில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். "எனக்குச் சொந்தமா ஒரு வீடு உண்டான்னு பாருங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, அவள் நாத்தனார் எப்போது ஊருக்குத் திரும்பிப் போவாள் என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பென்சில் முனை உடைந்தது. எல்லாரும் சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் பாத்திமா என்னைச் சாப்பிட இழுத்துப் போனாள். கப்பையும் மீன்கறியும். கப்பை என்றால் மரவள்ளி என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அதை மாலையில் கொறிப்பதோடு சரி. இங்கே அதுதான் சோறு. மீன்கறியில் குடம்புளி. முதல் வாய்க்கே கண்ணில் நீர் வந்தது, நான் நிறுத்தவில்லை. பொன்னுத்தாயி இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. "காரம் பட்டா உசிரு போயிரும்" என்றாள், சாதாரணமாக. அவளுக்குக் கம்பத்தில் திரும்பிப் போக வீடு இல்லை. இருந்த ஒரு தம்பியும் எங்கேயோ போய்விட்டான். களமும் அந்த அறையும்தான் என்றாள். அவள் டப்பா பச்சையாக இருக்கிறதே, பச்சைதான் மருந்தாக இருக்கவேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். விஞ்ஞானம் படித்தவள் அப்படி வேண்டிக்கொள்ளலாமா என்று உடனே குற்ற உணர்ச்சியும் வந்தது.

முதல் வாரக் கடைசியில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் குழப்பம் ஆரம்பித்தது. சிவப்பு மூடிக்காரிகளின் வெடிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. பச்சை மூடிக்காரிகளின் வெடிப்பும் கொஞ்சம் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவு. பாத்திமா கை ஏறக்குறைய ஆறிவிட்டது; ஆனால் அவளுக்கு ஆரம்பத்திலேயே பெரிய காயம் இல்லை. பொன்னுத்தாயியுடையது ஆறுகிற மாதிரி தெரிந்தது, ஆனால் மூடவில்லை. ஒன்றில் மருந்து, ஒன்றில் மாவு என்றால் இரண்டும் எப்படி ஒரே மாதிரி வேலை செய்யும்?

நான் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருவேளை படகு ஆட்டத்தில் மூடிகள் மாறிவிட்டனவா? டப்பா தானாகவா மூடியைக் கழற்றி மாட்டிக்கொள்ளும்? ஒருவேளை இந்த ஊர்க் காற்றே கையை ஆற்றுகிறதா? அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் ஆற்றவில்லை? அளந்த ஸ்கேல்மேல்கூடச் சந்தேகம் வந்து, மாமி வீட்டு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்தேன். இரண்டும் ஒரே அளவுதான்.

"மாவுக்கும் ஒரு குணமுண்டு கேட்டயா" என்றாள் மாமி, புட்டுக் குழலைத் தட்டிக்கொண்டே. "எங்க ஆபீஸில ரெண்டு மானேஜர். ஒருத்தருக்கு ஒண்ணும் அறியில்லை. ஆனா ரெண்டு பேர் மேஜையிலும் வேலை ஒரேபோல நடக்கும். எதனால? நாங்க ரெண்டு மேஜையும் நோக்கறோம்." எனக்கு அது அப்போது புரியவில்லை. புட்டும் கடலையும் தின்றுவிட்டு மறுபடி பட்டியலைப் பார்த்தேன்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, மாமி ஆபீசுக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்று வீட்டைப் பூட்டினாள். அதனால் நானும் வழக்கத்துக்கு முன்னாலேயே களத்துக்குப் போய்விட்டேன். வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வரிசையின் முன்னால் காளியம்மாள் ஒரு அலுமினியப் போகணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தி வரும்போதும் இரண்டு விரலால் வழித்து உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்தில் சுவர் ஓரமாக என்னுடைய டப்பாக்கள், சிவப்பும் பச்சையும், வழித்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"மூப்பத்தி! என்ன செய்யறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மருந்து போடுறேம்மா."

"ரெண்டையும் கலந்துட்டீங்களா? எப்போ?"

"நீங்க குடுத்த அன்னிக்குச் சாயங்காலமே. ஏன், கலக்கத்தானே ரெண்டா குடுத்தீங்க?"

பாதிப் பேருக்கு ஒன்று, பாதிப் பேருக்கு ஒன்று என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன். பத்து நாளாக நான் அளந்ததெல்லாம் வீண் என்றேன். கோபத்தில் தமிழ்கூடச் சரியாக வரவில்லை. காளியம்மாள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இங்க வாங்க" என்று களத்து ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே இரண்டு பேரை நிற்கச் சொல்லி ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்தாள். சாக்குக்குள் காய்ந்த சுக்கு. ஆளுக்கு ஒரு முனையாகச் சாக்கை இறுகப் பிடித்து, தொட்டில் மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வீசி வீசி ஆட்டினார்கள். உள்ளே சுக்கு ஒன்றோடு ஒன்று உரசித் தோல் உதிரும், மினுமினுப்பு வரும். இதைத்தான் மினுக்குவது என்கிறார்கள். வீச்சு இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் சுக்கு ஒடியும்.

"பாத்தீங்களா? இது ஒத்த ஆள் வேலையில்ல. ஜோடி. நான் உங்ககிட்டப் பேரு சொன்னது ஜோடி ஜோடியா. எனக்கு வேற மாதிரிச் சொல்ல வராது. நீங்க என்ன செஞ்சீங்க? ஒவ்வொரு ஜோடியிலயும் ஒருத்திக்குச் செவப்பு, ஒருத்திக்குப் பச்ச. சாக்கோட ஒரு மொனையைப் பிடிக்கிறவளுக்கு ஒண்ணு, இன்னொரு மொனைக்கு ஒண்ணு. நாங்க என்ன நெனப்போம்? ரெண்டும் சேந்தாத்தான் மருந்து, ஆளுக்குப் பாதியாக் குடுத்திருக்காங்கன்னுதானே நெனப்போம்?"

நான் பட்டியலைப் பார்த்தேன். பாத்திமா, சிவப்பு. பொன்னுத்தாயி, பச்சை. அடுத்த இரண்டு பெயர். அதற்கடுத்த இரண்டு. எல்லாம் ஜோடி. முகம் பார்க்காமல் கொடுத்தேன் என்று பெருமைப்பட்டேனே, முகம் பார்த்திருந்தால் யார் யாரோடு நிற்கிறார்கள் என்றாவது தெரிந்திருக்கும்.

"சரி, அப்படி இல்லேன்னே வச்சுக்குவோம்" என்றாள் காளியம்மாள். "ஒருத்தி கை மட்டும் ஆறி என்ன செய்ய? இன்னொருத்தி கையில ரத்தம் வந்தா ரெண்டு பேரையும்தான் நிறுத்துவாங்க."

வியாழக்கிழமை பேராசிரியருக்கு ட்ரங்கால் போடக் கிளம்பினேன். மட்டாஞ்சேரித் தபாலாபீசில் லைன் இல்லை. எர்ணாகுளத்துக்குப் போகச் சொன்னார்கள். படகு பாதிக் காயலில் நின்றுவிட்டது. ஆப்பிரிக்கப் பாயல் என்று ஒரு பாசி. பச்சைப் பாய் விரித்த மாதிரி மிதக்கிறது. அது படகின் விசிறியில் சுற்றிக்கொண்டது. ஒருவர் தண்ணீரில் குதித்துக் கையால் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். பயணிகள் யாரும் பதறவில்லை. ஒருவர் பேப்பர் படித்தார். இன்னொருவர், இந்தப் பாயலை ஒழிக்க எங்கேயோ ஆராய்ச்சி நடப்பதாகவும், ஆராய்ச்சி முடிவதற்குள் காயலே முடிந்துவிடும் என்றும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தந்தி ஆபீசில் இரண்டு மணி நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாமே கலந்துட்டாங்களா?"

"எல்லாமே ஸார். முதல் நாளே."

"அப்போ போச்சு. ஒண்ணுக்கும் உதவாது. பெட்டியைக் கட்டிட்டு வந்துடு."

"ஸார், ஒரு பொண்ணுக்குச் சனிக்கிழமைக்குள்ள கை ஆறணும். எது மருந்துன்னு இப்பவாவது சொல்லுங்க."

"இனிமே மறைச்சு என்ன? சிவப்பு மூடி. அது பெரிய ரகசியம் ஒண்ணுமில்லம்மா. தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, துளி எலுமிச்சை உப்பு. சுண்ணாம்புக் காரத்தைப் புளிப்பு முறிக்கும், எண்ணெய் மூடிக்கும். அதைக்கூட விடு. வேலை முடிஞ்சதும் மோர்ல கையை அலசினாலே பாதி வெடிப்பு வராது. போன வருஷமே நம்ம லேப்ல பார்த்தாச்சே."

நான் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டேன். "போன வருஷமேன்னா... அப்போ எதுக்கு ஸார் இந்த மாவு டப்பா எல்லாம்?"

"நான் சொன்னா யார் கேட்பா? பாட்டி வைத்தியம்னு தூக்கிப் போட்டுடுவான். இத்தனை பேருக்குக் கொடுத்தோம், ஆறிச்சு. இத்தனை பேருக்குக் கொடுக்கலை, ஆறலைன்னு காட்டினாத்தானே கவர்மெண்ட் காதுல ஏறும்? ஒரு களம் இல்லம்மா, ஊர் ஊரா எத்தனை களம் இருக்கு! எல்லாருக்கும் போய்ச் சேரணும்னா வேற வழி என்ன, நீயே சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. தன் வேலைக்காகச் சாப்பாட்டை மறந்து லேபில் கிடப்பவர். அவர் சொன்னது சரி என்றுதான் தோன்றியது. பொன்னுத்தாயியின் கையை நினைத்தபோது சரியில்லை என்றும் தோன்றியது. மூன்று நிமிஷம் முடிந்தது என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தாள்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பியதும் நேராகக் களத்துக்கு ஓடினேன். மோர் விஷயம் அவருக்குப் போன வருஷமே தெரியும் என்பது உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, எலுமிச்சை உப்பு என்று நான் சொல்லச் சொல்ல பாத்திமா விரல் மடக்கினாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இவ்வளவு போதுமா? இது மூணும் இந்த ரோட்டிலேயே கிட்டுமே, டாக்டரம்மா. எண்ணெய்க் கடை அந்தப் புறம். எலுமிச்சை உப்பு தோ, எதிர்ப்பக்கம்."

கிட்டியது. களத்திலிருந்து நூறு அடிக்குள் மூன்றும் கிடைத்தன. காளியம்மாள் அந்தப் போகணியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். நான் அளவு சொன்னேன். அவள் கரண்டியால் கிளறினாள். சாரதா மாமியின் வீட்டிலிருந்து ஒரு குடம் மோர் வந்தது. "இதுக்காக்கும் நீ ரெண்டு வாரம் ஸ்கேல் பிடிச்சு அளந்தது?" என்று மட்டும் மாமி கேட்டாள். அன்று சாயங்காலம் இருபத்துநான்கு பேரும் மோரில் கை அலசினார்கள். எரிச்சல் அடங்குகிறது என்று ஒருத்தி சொன்னதும், மற்றவர்கள் ஆளுக்கு ஆள் "ஆமா, ஆமா" என்றார்கள். பொன்னுத்தாயி மோருக்குள் கையை வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்து அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வெடிப்பின் ஓரங்கள் மிருதுவாகியிருந்தன. இன்னும் ஒரு வாரம் இருந்தால் மூடிவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். ஒரு வாரம், வேண்டாம், நான்கு நாள். அவர் என்னைத் திட்டவில்லை. "கப்பல் எனக்குவேண்டி நிக்குமோ, மோளே?" என்று கேட்டார். உண்மையில் அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது.

சனிக்கிழமை காலையில் வெள்ளைச் சுக்குச் சாக்குகள் களத்துக்கு வந்தன. ஜோடி ஜோடியாக வந்து ஜோடிக்கு ஐம்பது வீச்சு வீசவேண்டும். பிறகு மேஸ்திரி சாக்கின் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சுக்கை வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்ப்பார். முதல் ஜோடி தேறியது. இரண்டாவது, மூன்றாவது. எப்போதும் இரண்டு மூன்று ஜோடி கழிந்துபோகுமாம். இந்தத் தடவை ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டே வந்தது. காளியம்மாள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

கடைசியாகப் பாத்திமாவும் பொன்னுத்தாயியும். முப்பது வீச்சு வரை பிசகில்லை. நாற்பதுக்கு மேல் பொன்னுத்தாயி உதட்டைக் கடித்தாள். கை தளரவில்லை, ஐம்பதையும் முடித்தாள். மேஸ்திரி அவள் பிடித்திருந்த முனையைத் தூக்கிப் பார்த்தார். சாக்கில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு. அவர் சாக்கை மடித்துத் தனியே வைத்தார்.

பாத்திமா தன் இரண்டு கைகளையும் விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஒரு கீறல்கூட இல்லாத கை. வேறு ஜோடி சேர்த்துக்கொள்ள ஒற்றை ஆள் யாரும் மிச்சமில்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வா போலாம்" என்று பொன்னுத்தாயியைக் கூப்பிட்டாள்.

சந்தில் அறையைக் காலி செய்ய அரை மணிகூட ஆகவில்லை. ஒரு பாய், இரண்டு பாத்திரம், ஒரு தகரப் பெட்டி. இப்போதைக்குப் பாத்திமாவின் உம்மா வீட்டில் இருந்துகொள்ளலாம், அப்புறம் தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். இறால் உரிக்கிற இடத்தில் நாள் முழுவதும் கை ஐஸ் தண்ணீரில் இருக்கும். அதை நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாதா என்ன? பாயை நான் தூக்கிக்கொண்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

தெருமுனையில் பொன்னுத்தாயி நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டாள்.

"உங்க வாத்தியாருக்கு அந்த மோரு விசயம் போன வருசமே தெரியும்னீங்கள்ல?"

"ஆமா."

"நீங்க வந்த மொத நாளே போன் போட்டுக் கேட்டிருந்தா, சொல்லியிருப்பாராம்மா?"

"தெரியலை" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, என் கையிலிருந்த பாயை வாங்கி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். தெரியலை என்றேனே தவிர, அந்த இரண்டு வாரத்தில் எனக்குக் கொஞ்சமும் குழப்பமில்லாமல் தெரிந்திருந்தது அந்தப் பதில் ஒன்றுதான். முதல் நாள் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கமாட்டார். நானும் கேட்டிருக்கமாட்டேன்.